மேட்டுக் காலும் பள்ளத்துக் காலும்

எனக்குப் பத்தொன்பது வயது வரை வலது கால் கிடையாது. பதறாதீர்கள், இடது காலும் கிடையாது. எனக்கு இருந்ததெல்லாம் ஒரு மேட்டுக் காலும் ஒரு பள்ளத்துக் காலும்தான். தேவிகுளத்துக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் பிறந்து, தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் வளர்ந்து, சரிவிலேயே நடந்து, சரிவிலேயே நின்று கொழுந்து பறித்தவளுக்கு வேறு எந்தக் கால் இருக்க முடியும்? மலையில் நிற்கும்போது ஒரு கால் மேலே இருக்கும், ஒரு கால் கீழே இருக்கும். திரும்பி நின்றால் மேலே இருந்தது கீழே போய்விடும். வெளிநாட்டுக்காரர்கள் டெலிவிஷன் கேமராவோடு வந்து சேரும் வரை எங்களுக்கு இந்தக் கணக்கு தாராளமாகப் போதுமானதாக இருந்தது.

கை விஷயத்தில் நான் அவ்வளவு மோசமில்லை. சோத்துக்கை எது, பீச்சாங்கை எது என்பதைச் சின்ன வயதிலேயே முதுகில் இரண்டு வைத்துச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். காலால் சோறு தின்னும் வழக்கம் எங்கள் பக்கம் இல்லாததால் கால் பாடம் விட்டுப்போனது. பள்ளிக்கூடத்தில் டிரில் நடந்திருந்தால் தெரிந்திருக்கும். டிரில் நடத்தச் சமதரை வேண்டுமே! சமதரை எங்கள் எஸ்டேட்டில் இரண்டே இடத்தில்தான் இருந்தது. ஒன்று ஃபாக்டரிக்குள், இன்னொன்று துரைமார் கிளப்புக்குள். ஃபாக்டரியில் மெஷின்கள் நின்றன. கிளப்பில் துரைமார்கள் நின்றார்கள். (சாயங்காலத்துக்கு மேல் அவர்களும் சரிந்துதான் நிற்பார்கள் என்று அங்கே கூட்டிப் பெருக்கப் போகும் எங்கள் சண்முகத்தாய் சொல்வாள்.)

நாங்கள் எட்டுப் பெண்கள் சேர்ந்து ஒவ்வொரு வருடமும் எஸ்டேட் மாரியம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்குக் கோலாட்டம் ஆடுவோம். கவாத்து வெட்டிப் போட்ட தேயிலைச் செடியின் கட்டையைச் சீவி எடுத்த கம்புகள். ஆட்டத்துக்குத் தலைவி நான். யாரும் என்னைத் தேர்ந்தெடுக்கவில்லை. என் தொண்டை அடுத்த மலை வரைக்கும் கேட்கும் என்பதால் பதவி தானாக வந்தது. நாலு பேர் ஒரு வரிசை, அவர்களைப் பார்த்தபடி எதிரே நாலு பேர். நான் "மேட்டுக்கு!" என்று குரல் கொடுத்தால் எட்டுப் பேரும் மேட்டுப் பக்கம் நாலு அடி வைத்து, எதிரில் இருப்பவளின் கம்போடு கம்பு தட்டுவோம். "பள்ளத்துக்கு!" என்றால் எட்டுப் பேரும் இறங்கி வந்து தட்டுவோம். கண்ணை மூடிக்கொண்டு ஆடினாலும் பிசகாது. மலை எந்தப் பக்கம் என்பதை மூளையில் வைத்துக்கொள்ள வேண்டிய தேவையே இல்லை, பாதமே சொல்லிவிடும்.

எழுபதுகளின் நடுவில் ஒரு நாள் துரைசானி, அதாவது மேனேஜர் துரையின் மனைவி, எங்கள் ஆட்டத்தைப் பார்த்துவிட்டுக் கை தட்டியதில்தான் வினை ஆரம்பித்தது. எங்கோ தூர தேசத்தில் ஒரு டெலிவிஷன் கம்பெனி உலகப் போட்டி ஒன்று நடத்துகிறதாம். ஆட்டத்தைத் தொழிலாக வைத்துக்கொள்ளாமல் ஆசைக்கு ஆடுகிற சின்ன வயசுக்காரர்களுக்கு மட்டும். ஒவ்வொரு நாட்டிலிருந்தும் ஒரு குழு. முதல் சுற்றுக்குக் கம்பெனிக்காரர்களே ஊர் ஊராக வந்து படம் எடுத்துக்கொண்டு போவார்கள். தேறியவர்களை விமானத்தில் வரவழைத்துப் பெரிய மேடையில் ஆடவிட்டு, அந்த நாட்டு வீடுகளிலெல்லாம் பெட்டியில் காட்டுவார்கள். பரந்த இந்தியாவில் ஆடத் தெரிந்தவர்கள் வேறு யாருமே இல்லையா என்று நீங்கள் கேட்பது நியாயம். துரைசானியின் தம்பி அந்தக் கம்பெனியில் வேலை பார்த்தார். ஆகையால் இல்லை.

டெலிவிஷன் என்ற வஸ்துவை எங்களில் ஒருத்தியும் கண்ணால் கண்டதில்லை. ரேடியோவுக்கு மூஞ்சி வைத்தது மாதிரி இருக்கும் என்று ஆபீசில் சொன்னார்கள். என் எதிர்ஜோடி பேச்சிக்கு இதில் பெரிய மனத்தாங்கல்.

"ஏட்டி செல்லக்கனி, அவுக நம்மளப் பாப்பாக, நாம அவுகளப் பாக்க முடியாதா? இது என்னட்டி நியாயம்?"

எனக்கு நியாயம் முக்கியமில்லை. எனக்கு விமானம் முக்கியம். ஏனென்றால் வருகிற தை மாதம் என் கல்யாணம்.

சங்கரன்கோயில் பக்கத்தில் இருக்கும் என் தாய்மாமன் மகன் குருசாமி அத்தானுக்கு என்னை என்று நான் தொட்டிலில் கிடக்கும்போதே பேசி வைத்திருந்தார்கள். அத்தான் தங்கமான மனிதர். ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. ஆனால் அவர் வாயைத் திறந்தால் ஆடுதான் வரும். போன தடவை எங்கள் லயத்துக்கு வந்திருந்தபோது என்னிடம் தனியாகப் பேச ஆசைப்பட்டு வாசலில் வந்து நின்றார். நானும் முந்தானையைத் திருகிக்கொண்டு காத்திருந்தேன். ஆட்டுக்கு வயிறு ஊதிக்கொண்டால் என்ன கொடுக்க வேண்டும் என்று ஆரம்பித்தவர், வாய்ப்புண், குளம்பு அழுகல் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி முடிப்பதற்குள் அடுப்பில் வைத்த சோறு குழைந்துவிட்டது. போகும்போது, "ஒன்கிட்டப் பேசுனா மனசுக்கு நல்லாருக்கு, செல்லம்" என்றார். அன்றைக்கு நான் கோயில் பக்கம் திரும்பிக் கும்பிட்ட கும்பிடு மாரியம்மனுக்கே புதுசாக இருந்திருக்கும்.

அப்பாவிடம் அழுதும் பார்த்தாயிற்று, அடம்பிடித்தும் பார்த்தாயிற்று. கடைசியில் டெலிவிஷன் விஷயம் வந்ததும் அவர் கொஞ்சம் இறங்கினார்.

"தேறிட்டேன்னா போய் ஆடிட்டு வா. தை போனா சித்திரை. அதுக்கப்புறம் மாமன்கிட்ட நான் பேசிக்கிடுதேன். தேறலையோ, மூச்சு விடாம கழுத்த நீட்டிரணும். சரிதான?"

"சரிப்பா."

விமானத்தில் போய் வந்தவளைக் கட்டிக்கொள்ள அத்தானுக்குத் தைரியம் வராது என்பது என் திட்டம். அதனால் மற்ற ஏழு பேரும் ஊரைப் பார்க்க ஆடினார்கள். நான் ஆட்டிலிருந்து தப்பிக்க ஆடினேன்.

கம்பெனிக்காரர்கள் பேசுவதை எங்களுக்குத் தமிழில் சொல்ல ஆள் வேண்டும் என்று, ஆபீசில் புதிதாகச் சேர்ந்திருந்த கிளார்க் நாச்சிமுத்துவைத் துரை எங்கள் தலையில் கட்டினார். ஊர் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். கிழக்குப் பாலக்காட்டு வயல்காட்டு மனிதர். ஒத்திகை பார்க்க முதல் நாள் லயத்துக்கு வந்தவர், கோயிலுக்கு முன்னால் இருக்கும் சரிவில் கால் வழுக்கி உட்கார்ந்து, அப்படியே சறுக்கிக்கொண்டு எங்கள் ஆட்டத்துக்கு நடுவில் வந்து நின்றார். நாங்கள் எட்டுப் பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். என் சிரிப்பு அடுத்த மலைக்குக் கேட்டது.

"இதென்னுங்க ஊரு, செவுத்துல சாத்தி வெச்சாப்புல இருக்குது?" என்று எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். கோபமே வரவில்லை அவருக்கு. அது எனக்கு எரிச்சலாக இருந்தது.

ஆட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"ஏனுங்க, மேட்டுக்கு, பள்ளத்துக்குன்னு சொல்றீங்களே, எடது, வலதுன்னு சொன்னா என்னுங்க?"

"அது எதுக்கு?"

"நாளைக்கு மேடையில ஆடறப்ப ஏதுங்க மேடு பள்ளம்?"

நான் அவரை நிற்கவைத்துப் பாடம் எடுத்தேன். (இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.) "நானும் பேச்சியும் எதிரெதிர நிக்கோம். எடதுன்னு சொன்னா நான் இங்கிட்டுப் போவேன், அவ அங்கிட்டுப் போவா. மேடுன்னு சொன்னா ரெண்டு பேரும் ஒரே பக்கம் போவோம். திரும்பி நின்னா ஒங்க எடது மாறிப்போகும். மலை மாறுமா? எங்கயாச்சும் மலை நடந்து பாத்திருக்கீகளா?"

அவர் யோசித்துப் பார்த்தார். "அதுஞ்செரிதானுங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தவர், இரண்டாவது அடியில் மறுபடியும் உட்கார்ந்தார். வாதத்திலும் நடையிலும் அவரை ஜெயித்துவிட்ட கர்வத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. கால் எப்போதுமே புரியாது என்பது பிறகுதானே தெரிந்தது!

படம் எடுக்கும் நாள் வந்தது. கோயிலுக்கு முன்னால், எங்கள் சரிவிலேயே வைத்து எடுப்பதாகத்தான் ஏற்பாடு. அன்றைக்குப் பார்த்து விடிந்ததிலிருந்து மூடுபனி. முன்னால் போகிறவளின் முதுகு தெரியவில்லை. கம்பெனிக்காரர்கள் நாலு பேர், மலைப்பாதையில் ஜீப்பில் வந்த களைப்பில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கேமராவுக்குப் பக்கத்தில் சோர்ந்து நின்றார்கள். அன்று மாலையே கொச்சிக்குத் திரும்ப வேண்டுமாம். துரை கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தார். பிறகு, ஜெனரேட்டர் வைத்து விளக்குப் போட்டுக் கிளப்புக்குள் எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். எங்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கிளப்புக்குள் கால் வைக்கப் போகிறோம்!

இதற்கிடையில் கல்யாணத் தேதி குறிப்பதற்காக மாமன், அத்தை, குருசாமி அத்தான் மூவரும் முதல் நாளே வந்து இறங்கியிருந்தார்கள். கிளப்புக்குள் அவர்களை விடவில்லை. வராந்தாவில் நின்று ஜன்னல் வழியாகப் பார்க்கத் துரைசானி அனுமதி கொடுத்திருந்தார். அத்தை பட்டுச்சேலை கட்டி வந்திருந்தாள்.

கிளப் கூடம் பலகைத் தரை. வெளிநாட்டுக்காரர்கள் வருகிறார்களே என்று, எங்கள் எட்டுப் பேரில் ஒருத்தியான சண்முகத்தாய் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு மெழுகு போட்டுத் தேய்த்திருந்தாள். குனிந்தால் முகம் தெரிந்தது. நாங்கள் எட்டுப் பேரும் கூடத்தின் நடுவில் போய் நின்றோம். பாதம் ஒன்றுமே சொல்லவில்லை! இரண்டு காலும் ஒரே உயரத்தில் இருந்தன. பிறந்ததிலிருந்து பேசிக்கொண்டே இருந்த ஆள் திடீரென்று வாயை மூடிக்கொண்ட மாதிரி இருந்தது.

"ஏட்டி, மேடு எங்கிட்டு?" என்று பேச்சி கிசுகிசுத்தாள்.

தலைவி நான்தானே? சுற்றிப் பார்த்தேன். எனக்கு நேரே சுவரில், துரைமார் எந்தக் காலத்திலோ சுட்டு மாட்டிய காட்டெருமைத் தலை ஒன்று தெரிந்தது. "காட்டெருமைத் தல இருக்க பக்கம் மேடு. எல்லாருக்கும் கேட்டுதா?" என்றேன். எல்லாருக்கும் கேட்டது. வரிசையில் போய் நின்றோம். விளக்குகள் எரிந்தன. மேளக்காரர்கள் தப்பு அடிக்க ஆரம்பித்தார்கள்.

"மேட்டுக்கு!"

என் வரிசை காட்டெருமையைப் பார்த்துப் போனது. எதிர் வரிசையும் காட்டெருமையைப் பார்த்துத்தான் போனது. அவர்கள் போனது எதிர்ச் சுவரில் இருந்த இன்னொரு காட்டெருமையைப் பார்த்து. துரைமார் சும்மா இருக்க முடியாமல் இரண்டைச் சுட்டிருக்கிறார்கள். என்னுடைய காட்டெருமைக்கு முன்னால் விளக்கை நிறுத்திவிட்டதால் எதிர் வரிசைக்காரிகளின் கண்ணுக்கு அது படவில்லை. நான் கம்பை ஓங்கி நீட்டினேன். எதிரே பேச்சி இல்லை. காற்றைத் தட்டினேன். எட்டுக் கம்பும் காற்றைத் தட்டின.

சரி, திரும்பி வந்தால் சேர்ந்துவிடுவோம் என்று "பள்ளத்துக்கு!" என்று கத்தினேன். இரண்டு வரிசையும் வேகமாகத் திரும்பி வந்தன. எதிரெதிரே போகும் இரண்டு பஸ்களில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் சொந்தக்காரர்கள் மாதிரி நானும் பேச்சியும் ஒரு கணம் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டோம். அப்புறம் அவள் அந்தப் பக்கம் போனாள், நான் இந்தப் பக்கம் போனேன். மேட்டில் ஏறுகிற பழக்கத்தில் எல்லோரும் உடம்பை முன்னால் சாய்த்து அழுத்தி மிதித்ததால் மெழுகில் கால் நிற்கவில்லை. முதலில் விழுந்தவள் சண்முகத்தாய். அவள் போட்ட மெழுகு.

சிவப்புத் தாடி வைத்த கேமராக்காரர் கையைத் தூக்கி நிறுத்தினார். நாச்சிமுத்துவிடம் என்னவோ சொன்னார். நாச்சிமுத்து எங்களிடம் வந்தார்.

"ரொம்ப நல்லாருக்குதாமுங்க. ஆனா ஒருத்தர ஒருத்தரு முன்னப்பின்ன தெரியாதவிங்களாட்ட ஆடறீங்களே, இதுதான் உங்க வழக்கமான்னு கேக்கறாருங்க."

எனக்குக் காது வரைக்கும் சூடு ஏறியது. ஜன்னலில் பார்த்தேன். மாமனும் அத்தையும் கைத்தறிக் கடையில் சேலை பார்ப்பது மாதிரி முகத்தைச் சுருக்கிக்கொண்டு நின்றார்கள். குருசாமி அத்தான் மட்டும் அன்பாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்குத் தை மாதமே கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

"இன்னொருக்கா ஆடுதோம்னு சொல்லுங்க," என்றேன்.

இன்னும் ஒரே ஒரு சுருள் ஃபிலிம்தான் மிச்சம் இருக்கிறதாம். அதோடு சரி. ஆரம்பித்தால் எதற்காகவும் நிறுத்தக் கூடாது என்று துரைசானி விரலை ஆட்டிச் சொன்னார். நாச்சிமுத்து தயங்கித் தயங்கி, "இப்பவாச்சும் எடது, வலதுன்னு வெச்சுக்கலாமுங்களா?" என்று கேட்டார். வெச்சுக்கலாம்தான். ஆனால் எதிரெதிரே நிற்கும்போது யாருடைய இடது என்று அவரிடம் கேட்க வேண்டுமே! அன்றைக்கு அவ்வளவு பாடம் எடுத்த வாயால் எப்படிக் கேட்பது? காட்டெருமையை நம்பவும் இனி வழியில்லை. கூடத்தைச் சுற்றிப் பார்த்தேன். ஒன்றே ஒன்றாக இருக்கிற பொருள் ஏதாவது வேண்டும். நாற்காலி நிறைய இருந்தது. ஜன்னல் நிறைய இருந்தது. நாச்சிமுத்து ஒருத்தர்தான் இருந்தார்.

"நீங்க போயி அந்தச் சுவரோரமா நில்லுங்க," என்றேன்.

"நானுங்களா? எதுக்குங்க?"

"நீங்கதான் மலை. ஒங்க பக்கம் மேடு. ஆடாம அசையாம நிக்கணும்."

மறுக்கத் தெரியாத மனிதர். போய் நின்றார். கையைக் கட்டிக்கொண்டு, கொஞ்சம் நெஞ்சையும் நிமிர்த்திக்கொண்டு, தன்னால் முடிந்த அளவுக்கு மலையாக நின்றார். தப்பு ஒலித்தது.

"மேட்டுக்கு!"

எட்டுப் பேரும் நாச்சிமுத்துவை நோக்கி நாலு அடி வைத்தோம். கம்புகள் ஒன்றாகத் தட்டின. ஆகா, அந்தச் சத்தம்! "பள்ளத்துக்கு!" ஒரு பிசகு இல்லை. தேயிலைக் கட்டை பலகைக் கூடத்துக்குள் கணீர் கணீரென்று கேட்டது. துரைசானி கையைப் பிசைவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். பேச்சியின் கண்ணில் விமானம் தெரிந்தது. என் கண்ணிலும் தெரிந்திருக்கும்.

அப்போதுதான் கேமராக்காரர் கேமராவைக் கொஞ்சம் திருப்பினார். பார்த்தால், எட்டுப் பெண்களுக்குப் பக்கத்தில் ஒரு ஆபீஸ் கிளார்க் கையைக் கட்டிக்கொண்டு முறைத்துக்கொண்டு நிற்கிறார். தள்ளிப் போகும்படி சைகை காட்டி, ஆங்கிலத்தில் என்னவோ சொன்னார். ஆங்கிலத்தில் யார் எதைச் சொன்னாலும் உடனே செய்துவிடுவது நாச்சிமுத்துவின் உத்தியோகம். மலை நடந்தது.

நான் எங்கேயாவது மலை நடந்து பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டவள். பார்த்தேன். சுவரோரத்திலிருந்து கிளம்பி, கேமராவுக்குப் பின்னால் சுற்றி, வராந்தாக் கதவுப் பக்கம் போய் நின்றது. எட்டு ஜோடிக் காலும் அதற்கு ஏற்றபடி திரும்பிக்கொண்டன. நிறுத்தக் கூடாது என்றல்லவா சொல்லியிருந்தார்கள்? நான் அடுத்த குரல் கொடுத்தேன்.

"மேட்டுக்கு!"

கம்பை ஓங்கிக்கொண்டு எட்டுப் பெண்கள் தன்னை நோக்கி வருவதைப் பார்த்த நாச்சிமுத்து ஓர் அடி பின்னால் வைத்தார். மேடு ஓர் அடி தள்ளிப்போனதால் நாங்கள் இன்னும் ஓர் அடி கூட வைத்தோம். அவர் மறுபடியும் பின்னால் போனார். "அசையாதீக!" என்று பல்லைக் கடித்தேன். அதைக் கேட்டு மிரண்டவர் கதவைத் திறந்துகொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டார். "மேட்டுக்கு!" வராந்தாவில் மாமன், அத்தை, குருசாமி அத்தான் மூவரையும் உரசிக்கொண்டு நாங்கள் போனோம். நாச்சிமுத்து படியில் இறங்கினார். "மேட்டுக்கு!" நாங்களும் இறங்கினோம். (மேட்டுக்கு என்று சொல்லிக்கொண்டே படி இறங்கிய ஒரே கூட்டம் உலகத்தில் நாங்களாகத்தான் இருப்போம்.) கிளப்புக்கு முன்னால் இருக்கும் புல்தரை கீழ்நோக்கிச் சரிந்தது. கொழிஞ்சாம்பாறைக்காரரை எந்தச் சரிவு விட்டுவைத்திருக்கிறது? "அய்யோ" என்று ஒரு குரல், சர்ரென்று ஒரு சத்தம், மலை மூடுபனிக்குள் மறைந்துவிட்டது.

ஆனால் அந்தப் புல்லில் கால் வைத்த அந்தக் கணம்! பாதம் மறுபடியும் பேச ஆரம்பித்தது. ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே. ஈரப் புல், நிஜமான மேடு, நிஜமான பள்ளம். தப்படிக்கிறவர்கள் உள்ளே அடித்தது வெளியே நன்றாகக் கேட்டது. நாங்கள் ஆடினோம். இத்தனை வருடத்தில் எந்தக் கொடைக்கும் நாங்கள் அப்படி ஆடியதில்லை. அவ்வளவு ஒழுங்கு, அவ்வளவு வேகம். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. இதற்காகவே என்னைப் பெற்றார்கள் என்று தோன்றியது.

யாரும் பார்க்கவில்லை. கேமரா மூன்று காலில் ஒயரோடு கட்டிப்போட்டபடி கூடத்துக்குள் நின்றது. அதனால் வெளியே வர முடியாது. வெளியே வந்திருந்தாலும் பனியைத்தான் எடுத்திருக்கும். அந்தக் கடைசிச் சுருளின் மிச்சம் முழுவதிலும் பதிவானது காலியான ஒரு பலகைத் தரையும், இரண்டு பக்கமும் இரண்டு காட்டெருமைத் தலைகளும், எங்கிருந்தோ வரும் கம்புச் சத்தமும், இடையிடையே என் தொண்டையும்தான்.

வராந்தாவில் நின்ற என் அத்தைக்கு மலை, மேடு எதுவும் தெரியாது. அவள் பார்த்தது இதுதான், தனக்கு மருமகளாக வரப்போகிறவள் வெள்ளைக்காரர்கள் முன்னால் ஒரு ஆண்பிள்ளையைக் கம்பெடுத்துத் துரத்திக்கொண்டு போகிறாள். அந்த ஆள் அலறிக்கொண்டு பனிக்குள் ஓடுகிறார். இவளும் பனிக்குள் போகிறாள். ரொம்ப நேரம் திரும்பி வரவில்லை.

லயத்தில் வந்து அத்தை போட்ட சத்தத்துக்கு என் தொண்டையெல்லாம் ஒன்றுமில்லை. "தொரத்துறதுதான் தொரத்துதா, ஒத்தையிலயா தொரத்துதா? ஏழு பேரத் தொணைக்குக் கூட்டிக்கிட்டுல்ல தொரத்துதா! எம் மவன் சாதுப்பய. இவ கையில குடுத்தா என்னத்துக்கு ஆவான்?"

"தங்கச்சி, அந்தத் தம்பிய மலைன்னு வச்சு..." என்று அப்பா ஆரம்பித்தார். தான் சொல்வது தன் காதிலேயே விழுந்ததும் நிறுத்திக்கொண்டார்.

குருசாமி அத்தான் மட்டும் கோபப்படவில்லை. மாமன் குடும்பத்தோடு பஸ் ஏறப் போகும்போது என் பக்கத்தில் வந்து, தாழ்ந்த குரலில், "நேராத் தொரத்துனா எதுவும் சிக்காது, செல்லம். ரெண்டு பேரு வளைச்சு முன்னாடி போயி மறிச்சிருக்கணும்," என்றார். ஆடு மேய்த்த அனுபவம். இன்று வரைக்கும் அந்த மனிதரின் நல்ல மனசை நான் மறக்கவில்லை.

போட்டி முடிவு துரைசானி வாயிலாக வந்து சேரப் பல மாதம் ஆனது. எங்களுக்குக் கடைசிக்கு முந்தின இடம். கடைசி இடம், ஆடாமலே போன ஒரு நாட்டுக்கு. நடுவர் ஒருவர் மட்டும் எங்கள் ஆட்டம் தன்னை மிகவும் யோசிக்க வைத்ததாகச் சொன்னாராம்.

தை போனது. சித்திரையும் போனது. விமானமும் இல்லை, அத்தானும் இல்லை. தேவிகுளம் முதல் மறையூர் வரைக்கும் பரவியிருந்தது நான் கிளார்க்கைத் துரத்திய கதை. அதைக் கேட்ட பிறகு என்னைப் பெண் கேட்டு ஒருவரும் வரவில்லை. அப்பா வெளியே போனால் குனிந்த தலை நிமிராமல் நடந்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ராத்திரியெல்லாம் அழுதேன் என்று பொய் சொல்ல மாட்டேன். பகலில்தான் அழுதேன், கொழுந்துக் கூடையை முதுகில் போட்டுக்கொண்டு, யாரும் பார்க்காத மேட்டில் நின்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாச்சிமுத்து எங்கள் லயத்துக்கு வந்தார். புல்தரையில் விழுந்ததில் பிசகிய கணுக்கால் சரியாகிவிட்டிருந்தது. ஆபீசில் அவருக்கு இப்போது "மலை சார்" என்றுதான் பெயர். வழியில் ஒரு தடவைகூட விழாமல் வந்திருந்தார். ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார் என்று புரிந்தது.

"ஏனுங்க," என்றார் அப்பாவிடம். "உங்க புள்ள என்னையத் தொரத்துச்சுன்னுதானுங்க எல்லாரும் பேசறாங்க. தொரத்துனதாவே இருக்கட்டுமுங்க. இப்ப நானு நின்னுட்டேன்னு சொல்லீருங்க."

அப்பா உள்ளே திரும்பி, "ஏட்டி, சாயா போடு," என்றார். அந்த அவசரத்தில் சாயாவுக்குச் சீனி போட்டேனா உப்புப் போட்டேனா என்பதில் இன்றைக்கும் எங்களுக்குள் தகராறு இருக்கிறது.

எங்கள் சனம் வேறு, அவர்கள் சனம் வேறு என்று இரண்டு பக்கத்திலும் நடந்த சண்டைகளைச் சொன்னால் இது வேறு கதையாகிவிடும். எப்படியோ முடிந்து, ஓர் ஆவணி மாதத்தில் நான் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக்கு வாழப் போனேன். முட்டையை வைத்தால் வைத்த இடத்திலேயே இருக்கும் அப்படியொரு தரை. கண்ணுக்கெட்டிய தூரம் வயல். பாதம் முழு ஊமை. வாசலில் மாலையும் கழுத்துமாக நிற்கிறேன். இரண்டு கையும் சேர்த்துப் பிடித்த ஒரு விளக்கு. சுற்றிலும் அவர்கள் ஊர் ஜனம், மலையிலிருந்து வந்தவளை முதன்முதலாகப் பார்க்கிறது.

மாமியார் ஆரத்தி எடுத்துவிட்டுச் சொன்னார். "வலது கால எடுத்து வெச்சு வா சாமி."

கை சும்மா இருந்திருந்தால் சோத்துக்கையைப் பார்த்தாவது கண்டுபிடித்திருப்பேன். விளக்கைச் சேர்த்துப் பிடித்த இரண்டு கையும் பதற்றத்தில் ஒன்று போலவே தெரிந்தன. ஒரு காலைத் தூக்கினேன். இதுவாக இருக்காது என்று இறக்கினேன். அடுத்ததைத் தூக்கினேன். கூட்டத்தில் யாரோ, "புள்ளைக்குக் காலு ஏதாச்சுங்களா?" என்று கேட்டது காதில் விழுந்தது. மாமியார் முகம் மாறியது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்துவிட்டது எனக்கு.

பக்கத்தில் நின்றவர் என் பக்கம் லேசாகச் சாய்ந்தார். நெஞ்சைக் கொஞ்சம் நிமிர்த்திக்கொண்டு, உதடு அசையாமல் சொன்னார்.

"நானு நிக்கற பக்கந்தானுங்க மேடு."

மேட்டுக் காலை எடுத்து வைத்து உள்ளே போனேன்.

அவர் மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் மாமியாருக்குப் பாம்புக் காது. அன்றிரவே முழுக் கதையையும் மகனிடமிருந்து பிடுங்கி, விடிவதற்குள் ஊருக்கே சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எத்தனையோ கல்யாணம் நடந்துவிட்டது. போன மாதம்கூட என் பேரன் பெண்டாட்டி, கோயம்புத்தூரில் படித்த பெண், வாசலில் வந்து நின்றது. ஆரத்தித் தட்டோடு நின்ற என் மகள் கூசாமல், "மேட்டுக் கால எடுத்து வெச்சு வா கண்ணு!" என்றாள். அந்தப் பெண் தட்டையான வாசலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துத் திகைத்து நின்றது. வீடே சிரித்தது. சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்த எங்கள் வீட்டுக்காரர் கைத்தடியை ஊன்றி மெல்ல எழுந்து போய், அந்தப் பெண்ணின் வலது பக்கம் நின்றுகொண்டார்.